கண்ணை மூடாமல் ஜெபிக்கிறவர்கள்

"எல்லாரும் கண்களை மூடி ஜெபிப்போம்" என்று குருவானவர் சொன்னதும் கோயிலில் எல்லாத் தலைகளும் குனியும். காது கேளாதவர்களுக்கு ஆராதனை நின்றுபோகிற இடம் அதுதான். கண்ணை மூடினால் சைகையில் மொழிபெயர்ப்பவரின் கை தெரியாது. கை தெரியாவிட்டால் அவர்களுக்கு ஜெபமும் கிடையாது. அதனால் கண்ணைத் திறந்தபடிதான் ஜெபிப்பார்கள். இது புரியாத பெரியவர் ஒருவர் என் தங்கையின் தோளைத் தட்டி, கண்ணை மூடச் சொல்லி ஜாடை காட்டியிருக்கிறார். அவளும் மூடிக்கொண்டாள். அவர் பக்தியோடுதான் சொன்னார், அவள் மரியாதையோடுதான் கீழ்ப்படிந்தாள். ஆனால் அந்த ஜெபம் முடியும்வரை அவள் சபைக்கு வெளியே இருந்தாள்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவர்கள். தங்கை பிறவியிலேயே காது கேளாதவள். அவள் விடுதிப் பள்ளியிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவளிடமிருந்தும் அவளுடைய தோழிகளிடமிருந்தும் நான் சைகை மொழி கற்றுக்கொண்டேன். இப்போது ஞாயிறு ஆராதனையில் பிரசங்க பீடத்துக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கிறேன். எங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளில்) மட்டுமல்லாமல் சுற்றுவட்டாரத்திலிருந்தும் சிலர் இதற்காகவே பஸ் ஏறி வருகிறார்கள். இந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டதை மற்ற சபைகளுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எந்தச் சபையை எடுத்தாலும் காது கேளாத ஒருவராவது இருப்பார். பெரும்பாலும் கடைசி பெஞ்சில்.

இத்தனைக்கும் இந்த விஷயத்தில் எங்கள் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கு 1897-இலேயே பள்ளி தொடங்கியவர் ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற மிஷனரி அம்மையார். பம்பாயிலும் கல்கத்தாவிலும் இப்படிப்பட்ட பள்ளிகள் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் தோன்றியிருந்தன. எங்கோ தெற்கு மூலையில், பெண் பிள்ளையைப் படிக்க வைப்பதே பெரிய காரியமாக இருந்த காலத்தில், பேசாத பிள்ளைக்கும் படிப்பு வரும் என்று ஒரு பெண் நம்பியிருக்கிறார். அந்த நம்பிக்கை விசுவாசத்திலிருந்து பிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. பள்ளி, விடுதி, தொழிற்பயிற்சி என்று நூறு ஆண்டுக்கு மேலாகத் திருச்சபை இவர்களுக்காக எத்தனையோ செய்திருக்கிறது. அப்படிப் படித்து முடித்த பிள்ளை சொந்த ஊருக்குத் திரும்பி ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்கார்ந்தால் அங்கே என்ன நடக்கிறது? சுற்றிலும் வாய்கள் அசையும். எல்லாரும் எழுந்தால் எழ வேண்டும், உட்கார்ந்தால் உட்கார வேண்டும். திருவிருந்துக்கு வரிசை நகர்ந்தால் கூட நகர வேண்டும். என் தங்கைக்குத் திடப்படுத்தல், அதாவது விசுவாசத்தைத் தானே அறிக்கையிட்டு வாக்குக் கொடுக்கும் சடங்கு, நடந்ததே அப்படித்தான். வகுப்பில் உட்கார்ந்தாள், ஒரு வார்த்தை புரியவில்லை, வெள்ளைச் சேலை கட்டிப் பேராயர் முன்னால் முழங்காலிட்டாள். தான் அன்று என்ன வாக்குக் கொடுத்தோம் என்பது பல வருடம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தபோது அழுதாள். "முதலிலேயே சொல்லியிருந்தால் நான் மனதாரச் சொல்லியிருப்பேனே" என்று அவள் கைகள் சொன்னதை என்னால் மறக்க முடியாது.

அம்மா பட்டதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சீஷர்கள் பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ என்று இயேசுவிடம் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்று அவர் பதில் சொல்லிவிட்டார். யோவான் 9-ஆம் அதிகாரத்தைக் கோயிலில் வாசித்துவிட்டு வெளியே வந்து, அதே கேள்வியை அம்மாவிடம் கேட்டவர்கள் உண்டு. சொந்தத்தில் கட்டியதாலா, ஏதாவது பொருத்தனையை நிறைவேற்றாமல் விட்டீர்களா, கர்ப்பமாக இருக்கும்போது எங்கே போனீர்கள் என்று விதவிதமாகக் கேட்பார்கள். அப்புறம் சுகமளிக்கும் கூட்டங்கள். யாராவது ஒரு நல்ல மனசுக்காரர் டிக்கெட் எடுத்து அழைத்துப் போவார். மேடையில் காதில் விரலை வைத்து, உரத்த குரலில் ஜெபித்து, "கேக்குதா? கேக்குதா?" என்பார்கள். சுற்றிலும் ஆயிரம் கண்கள். சிறு பிள்ளைக்கு என்ன தெரியும்? எல்லாரும் எதிர்பார்க்கிறார்களே என்று தலையாட்டிவிடுவாள். ஒரு வாரம் கழித்து, "விசுவாசம் பத்தலை" என்பார்கள். அந்தச் சுமையும் அம்மா தலையில்தான் ஏறும்.

சுகத்துக்காக ஜெபிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் ஜெபித்தவள்தான். மருத்துவத்துக்கும் எதிரி இல்லை. 6 வயதுக்குள் காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சையில் காதுக்குள் பொருத்தும் கேட்புக் கருவி) வைக்க முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறது. எங்கள் சபையிலேயே ஒரு குழந்தை அப்படி வைத்துக்கொண்டு நன்றாகப் பேசுகிறது. பெற்றோர் யாராவது கேட்டால் உடனே போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் காது திறக்கும் நாள் வரைக்கும் அந்த ஆளோடு நாம் பேசவே வேண்டாம் என்று வேதத்தில் எங்கும் இல்லை.

மாற்கு 7-ஆம் அதிகாரத்தை மொழிபெயர்க்க நேர்ந்தபோது இது எனக்கு வெளிச்சமானது. கொன்னைவாயுடைய ஒரு செவிடனை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். அவர் முதலில் அவனை ஜனக்கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துக்கொண்டு போகிறார். அவனை வைத்து யாருக்கும் வேடிக்கை காட்டவில்லை. பிறகு அவன் காதுகளில் விரலை வைக்கிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார். இவ்வளவும் கண்ணால் பார்க்கக்கூடியவை. நான் உன் காதைப் பற்றியும் நாவைப் பற்றியும் பிதாவிடம் கேட்கப் போகிறேன் என்பதை அவனுக்குப் புரிகிற விதத்தில் சொல்லி முடித்த பிறகே வாய் திறந்து பேசுகிறார். நான் இதைக் கையால் சொல்லச் சொல்ல, முன் வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவர் சைகை செய்தாரா?" என்று ஒருவர் கேட்டார். பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஆமாம் என்று நான் தலையசைத்தேன்.

யாத்திராகமம் 4-ஆம் அதிகாரம் இன்னும் தெளிவு. தான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன் என்று மோசே பின்வாங்குகிறான். கர்த்தர் அவன் நாவைச் சரிசெய்யவில்லை. ஊமையனையும் செவிடனையும் உண்டாக்கினவர் நான் அல்லவா என்று கேட்கிறார். அதற்கும் அவன் தயங்கும்போது, அவனுக்காகப் பேச ஆரோனை அனுப்புகிறார். ஒரு மொழிபெயர்ப்பாளரை நியமித்தார் என்றே நான் அதைப் படிக்கிறேன். தலைவன் மோசேதான், ஆரோன் அவனுக்கு வாய் மட்டும். யோவான்ஸ்நானகனின் தகப்பன் சகரியா பேச முடியாமல் இருந்தபோதும் உறவினர்கள் அவனிடம் சைகையால் கேட்டார்கள். அவன் பலகையில் எழுதினான். பிள்ளையின் பெயரில் அவன் எழுதியதே முடிவானது.

விசுவாசம் கேள்வியினாலே (காதால் கேட்பதினாலே) வரும் என்ற ரோமர் 10:17-ஐ எங்களிடம் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! கேட்க முடியாதவளுக்கு விசுவாசம் எப்படி வரும் என்று நேரடியாகவே ஒருவர் கேட்டார். அடுத்த வசனத்தை வாசியுங்கள் என்பது என் பதில். பவுல் உடனே 19-ஆம் சங்கீதத்தை எடுத்துச் சொல்கிறார். வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிற சங்கீதம் அது. அவைகளுக்குப் பேச்சுமில்லை, வார்த்தையுமில்லை, அவைகளின் சத்தம் கேட்கப்படுவதுமில்லை. ஆனாலும் பூமியெங்கும் போய்ச் சேருகிறது என்கிறது. சத்தமில்லாமல் சென்று சேருகிற செய்தியைத்தான் பவுல் சாட்சியாகக் கூப்பிடுகிறார்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்ட ஊழியர்களும் வரலாற்றில் இருந்திருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் அபே டெலெப்பே என்ற கத்தோலிக்கக் குரு, காது கேளாத இரண்டு சகோதரிகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க வழி தேடினார். தெருவில் காது கேளாதவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட கைமொழியைத் தான் கற்றுக்கொண்டு, அதை வைத்தே இலவசப் பள்ளி நடத்தினார். பிறகு காலம் மாறியது. 1880-இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, வாய்ப்பேச்சு முறையே சிறந்தது, சைகை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. அதன் விளைவை உலகம் முழுக்கப் பல தலைமுறைப் பிள்ளைகள் அனுபவித்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு உதட்டைப் பார் என்று வளர்க்கப்பட்டவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். 2010-இல் வான்கூவரில் நடந்த மாநாட்டில்தான் அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தார்கள். 130 ஆண்டுகள்.

சரி, இப்போது தங்கையின் கல்யாணம். நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த ஒரு ஆராதனைக்கான தயாரிப்பில் கற்றுக்கொண்டதுதான்.

மாப்பிள்ளையும் காது கேளாதவர், திருப்பூரில் டெய்லர். இரண்டு வீட்டுக்கும் பிடித்துப் பேசி முடித்தாயிற்று. ஆராதனை எப்படி என்று வந்தபோது பெரியப்பா, "அய்யர் கேக்கும்போது நீ பக்கத்துல நின்னு சம்மதம்னு சொல்லிரு. அவ தலைய ஆட்டட்டும். போதும்லா?" என்றார். எங்கள் பக்கம் குருவானவரை அய்யர் என்போம். பெரியப்பா கெட்டவர் இல்லை. கல்யாணம் தடங்கல் இல்லாமல் நடக்க வேண்டும் என்ற கவலைதான் அவருக்கு. தங்கை அவருடைய உதட்டைப் படித்துவிட்டாள். "கல்யாணம் எனக்கா, அக்காவுக்கா?" என்று கேட்டாள். நான் அதை அப்படியே குரலில் சொன்னேன். பெரியப்பா மறுபேச்சுப் பேசவில்லை.

சேகர குருவானவரிடம் போனோம். அவருக்கு இது புதிது, ஆனாலும் தட்டவில்லை. "எப்படிச் செய்யணும்னு நீங்க சொல்லுங்க, நான் செய்யுறேன்" என்றார். சனிக்கிழமை மாலைகளில் மணமக்களோடு உட்கார்ந்து வாக்குறுதியின் ஒவ்வொரு வரியையும் பிரித்துப் பேசினார். வியாதியிலும் ஆரோக்கியத்திலும் என்ற இடத்தில் தங்கை நிறுத்தி, இது அவருடைய வியாதியா, என்னுடைய வியாதியுமா என்று கேட்டாள். இருவருடையதும் என்றார் குருவானவர். அப்படியென்றால் அவரும் இதையே எனக்குச் சொல்ல வேண்டும் என்றாள். சொல்வார் என்றதும்தான் அடுத்த வரிக்குப் போக விட்டாள். எத்தனை மணமக்கள் அந்த வரியை இவ்வளவு கவனமாகக் கேட்டிருப்பார்கள் என்று குருவானவர் பிறகு என்னிடம் ஆச்சரியப்பட்டார்.

ஒத்திகை பார்த்தபோதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. வழிபாட்டு முறைப்படி மணமக்கள் வலது கையைப் பிடித்துக்கொண்டு வாக்குறுதி சொல்ல வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டால் கையால் பேசுகிறவர்கள் எப்படிப் பேசுவது? அவர்கள் வாயைப் பொத்தியது போலாகிவிடும். அதனால் முதலில் வாக்குறுதி, அது முடிந்த பிறகு கைபிடித்தல் என்று குருவானவர் மாற்றிக்கொடுத்தார். முகத்தின் மேல் போடும் நெட்டும் சிக்கல்தான். சைகை மொழியில் பாதி இலக்கணம் முகத்தில் இருக்கிறது. புருவம் உயர்ந்தால் கேள்வி, தலையசைப்பில் மறுப்பு. நெட் மறைத்தால் மாப்பிள்ளைக்கு அவள் சொல்வது முழுதாகப் புரியாது. ஆகவே நுழைந்ததும் விலக்கிவிட்டோம். பூச்செண்டைத் தோழி வாங்கிக்கொண்டாள். போட்டோகிராபரிடமும் வீடியோக்காரரிடமும் முன்கூட்டியே பேசி, மணமக்களுக்கு நடுவிலும் மொழிபெயர்ப்பவருக்கு முன்னாலும் வரவே கூடாது என்று சொல்லிவைத்தோம். மாப்பிள்ளை சைகையில் சொன்னதை அவருடைய நண்பர் மைக்கில் சொன்னார், தங்கை சொன்னதை நான் சொன்னேன். அன்று மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது காது கேட்கிற எங்களுக்குத்தான்.

இதற்கு முன்மாதிரி உண்டா என்று தேடியபோது ஒன்று கிடைத்தது. 1576-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், செயின்ட் மார்ட்டின் ஆலயத்தில், காது கேளாத தாமஸ் டில்சி என்பவருக்குத் திருமணம் நடந்திருக்கிறது. பேராயர் தரப்பிலும் நகர மேயரிடமும் ஒப்புதல் பெற்று, அவர் சைகையாலேயே வாக்குறுதி கொடுத்ததை ஆலயப் பதிவேட்டில் விவரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். மணமகளை அணைத்தார், கையைப் பிடித்தார், மோதிரம் போட்டார், நெஞ்சில் கைவைத்தார், வானத்தை நோக்கிக் கைகளை உயர்த்தினார். சாகும்வரை என்பதைச் சொல்ல, தன் கண்களைக் கையால் மூடினார், காலால் மண்ணைத் தோண்டுவது போலக் காட்டினார், சாவு மணியின் கயிற்றை இழுப்பது போல இழுத்தார். இதைத் தங்கைக்குச் சொன்னபோது அவள் அந்தச் சைகைகளைத் தானும் செய்து பார்த்தாள். ஆங்கிலிக்கன் மரபும் கலந்துதான் 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆக, எங்கள் சபை அன்று செய்தது புதுமை ஒன்றுமில்லை, நம் மரபிலேயே இருந்ததுதான்.

ஞாயிறு ஆராதனைக்கு வருகிறேன். மொழிபெயர்க்க ஆள் கிடைத்துவிட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆள் எங்கே நிற்கிறார் என்பதும் அதே அளவு முக்கியம். ஓரத்தில் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினால், காது கேளாதவர்கள் பிரசங்கியாரைப் பார்ப்பதா, கையைப் பார்ப்பதா என்று கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பிரசங்க பீடத்துக்கு மிக அருகில், ஒரே பார்வையில் இருவரும் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். பின்னால் ஜன்னல் இருக்கக் கூடாது. வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் முகம் இருட்டாகிவிடும். எதிரில் ஒரு விளக்குப் போட்டுவிடுங்கள். உடை ஒரே நிறத்தில், தோலின் நிறத்திலிருந்து எடுப்பாகத் தெரிகிற மாதிரி இருக்கட்டும். பண்டிகை நாளில்கூட நான் ஜரிகைச் சேலை கட்டுவதில்லை, கண்ணாடி வளையல் போடுவதில்லை. இரண்டு மணி நேரம் கையையே பார்க்கிறவர்களுக்கு அந்த மினுமினுப்பு கண்ணைக் குத்தும். வருடக் கடைசி இரவிலும் கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்தி ஆராதனையிலும் விளக்கை அணைக்கும்போது எங்கள் பக்கத்து விளக்கை மட்டும் எரியவிடச் சொல்லிவைக்கிறோம். மின்சாரம் போனால் உடனே டார்ச் அடிக்க ஒரு பையனும் தயாராக இருப்பான்.

பிரசங்கக் குறிப்பு சனிக்கிழமையே கைக்கு வந்துவிட வேண்டும். பெயர்கள், ஊர்கள், எண்கள், கதைகள் தெரிந்தால்தான் தயாராக முடியும். பாமாலையும் கீர்த்தனையும் இன்னும் கடினம். பழைய தமிழ், எதுகை மோனை, உருவகம் எல்லாம் கலந்து வரும். சொல்லுக்குச் சொல் கையசைத்தால் அர்த்தமே இராது. பாட்டின் கருத்தை முதலிலேயே எடுத்து, காட்சியாக மாற்றி வைத்துக்கொள்வேன். ஒருவரே தொடர்ந்து செய்தால் இருபது நிமிடத்தில் கையும் மூளையும் சோர்ந்து, விஷயங்கள் விட்டுப்போகத் தொடங்கும். இருவர் மாறி மாறிச் செய்வதே நல்லது. குடும்பத்தில் ஒருவரையே எப்போதும் நிறுத்தாதீர்கள். குறிப்பாகப் பெற்றோருக்கு மொழிபெயர்க்கிற சின்னப் பிள்ளைகளை. அந்தப் பிள்ளைக்கும் ஓய்வுநாள் பள்ளிக்குப் போக உரிமை உண்டு.

திரையில்தான் எல்லாம் எழுத்தாக ஓடுகிறதே, வாசித்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்பார்கள். காது கேளாத பலருக்குத் தமிழ் இரண்டாவது மொழி. நாம் மூன்று வயதில் காதால் வாங்கிக்கொண்ட வேற்றுமை உருபுகளையும் வினைமுற்றுகளையும் அவர்கள் எழுத்தில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். இந்தியச் சைகை மொழிக்குத் தனி இலக்கணம். கேள்விச் சொல் பெரும்பாலும் கடைசியில் வரும். வேதாகமத் தமிழ் நமக்கே சில இடங்களில் கடினம் என்றால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? எழுத்தும் இருக்கட்டும், அதை மட்டும் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது.

சபையின் வாட்ஸ்அப் குழுவிலும் இதே கதைதான். மரண அறிவிப்பு, ஜெபக்கூட்ட நேரம், அவசரமாக ரத்தம் தேவை என்பதெல்லாம் குரல் பதிவாகவே வரும். எங்கள் குழுவில் இப்போது குரல் பதிவு போடுகிறவர் கூடவே இரண்டு வரி எழுதவும் வேண்டும் என்று வழக்கமாக்கியிருக்கிறோம். காது கேளாதவர்கள் தங்களுக்குள் வீடியோ காலில்தான் பேசிக்கொள்வார்கள். டேட்டா மலிவானது அவர்களுக்குச் செய்த நன்மை கொஞ்சநஞ்சமல்ல. வாரநாட்களில் அவர்களுடைய வேதபாடம் முழுக்க அதில்தான் நடக்கிறது.

பேசும்போது அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். "அவகிட்ட நல்லா இருக்காளான்னு கேளுங்க" என்று என்னிடம் சொல்வார்கள். அவள் முன்னாலேயே நிற்கிறாள். நேரே அவளிடமே கேட்கலாம், நான் மொழிபெயர்ப்பேன். இரண்டு சைகை தெரிந்தால் இன்னும் நல்லது. வணக்கம், சாப்பிட்டாயா, நன்றி. நடுவிரலால் மறு உள்ளங்கையைத் தொட்டு, பிறகு இந்தக் கையிலும் அப்படியே தொட்டால் இயேசு. ஆணித் தழும்புகள்தான் அவருடைய பெயர். எங்கள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் இதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அசனப் பந்தியில் பெரியவர்கள் சாம்பாருக்காகச் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, இந்தப் பிள்ளைகள் பந்தலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் இருக்கும் என் தங்கையோடு நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஞாயிறு முடிந்தால் திங்கள் வருகிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வது புரியாது, வங்கியில் கையெழுத்துப் போடச் சொல்லும் தாளில் என்ன இருக்கிறது என்று தெரியாது, போலீஸ் நிலையத்தில் தன் பக்கத்தைச் சொல்ல வழி இருக்காது. ஆராதனைக்கு வருகிறவர் ஒருவருக்குச் சம்பளப் பிரச்சினை. புகார் கொடுக்கப் போன இடத்தில் அவர் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை, முதலாளி சொன்னதை மட்டும் எழுதினார்கள். கூடப் போய் நின்று, மீண்டும் முதலிலிருந்து எழுத வைத்தோம். சபையிலிருந்து ஒரு மூப்பரும் வந்தார். நீதி என்று மேடையில் பேசுவது எனக்கு இப்படிப்பட்ட மேசைகளுக்கு முன்னால்தான் அர்த்தப்படுகிறது. செவிடனை நிந்திக்காதே, குருடனுக்கு முன்னே தடுக்கலை வைக்காதே என்று லேவியராகமம் 19-இல் இருக்கிறது. பக்கத்து வசனங்களை வாசித்துப் பாருங்கள்: கூலிக்காரனின் கூலியை ராத்தங்க வைக்காதே, நியாயவிசாரணையில் அநியாயம் செய்யாதே. கூலியும் நியாயமும் செவிடனும் ஒரே மூச்சில் வருகிறார்கள்.

2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் செவித்திறன் குறைந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது, பழைய 1995 சட்டத்தில் 7 ஆக இருந்த மாற்றுத்திறன் வகைகளை 21 ஆக்கியது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர் சைகை மொழிபெயர்ப்பாளரோடு ஆஜரானார். அந்தச் செய்தி எங்கள் வீடியோ குழுவில் ஒரு நாள் முழுக்கச் சுற்றியது. நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் முடியும் என்றால் சேகர கமிட்டிக் கூட்டத்தில் ஏன் முடியாது என்று தங்கை கேட்டாள்.

அந்தக் கேள்வி சாதாரணமானது இல்லை. இதுவரை நான் சொன்ன விளக்கு, குறிப்பு, எழுத்து எல்லாம் அவர்களுக்காக நாம் செய்கிறவை. அவர்கள் கேட்பது அதற்கு மேல். சபைச் சந்தா கட்டுகிறார்கள், காணிக்கை போடுகிறார்கள், ஓட்டு உண்டு. ஆனால் கமிட்டிக்கு நிற்க யாரும் அவர்களைக் கேட்டதில்லை. வேதபாடம் வாசிக்க, காணிக்கை எடுக்க, திருவிருந்தில் உதவ, வேதம் கற்றுக்கொடுக்க அவர்களுக்கு அழைப்பு வந்ததில்லை. ஊழியம் செய்யப்படுகிறவர்களாகவே வைத்திருக்கிறோம். கொரியாவில் பார்க் மின்-சியோ என்ற காது கேளாதவர் 2007-இல் கத்தோலிக்கக் குருவானார். ஆசியாவில் காது கேளாதவர்களில் அவரே முதல் கத்தோலிக்கக் குரு. 2024 மே மாதம் கேரளத்தில் திருச்சூரில் ஜோசப் தேர்மடம் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவில் காது கேளாதவர்களில் அவரே முதல் கத்தோலிக்கக் குரு. அந்தப் படங்களைப் பார்த்த எங்கள் பையன் ஒருவன், நம் சபையில் நான் குருவாக முடியுமா என்று கேட்டான். ஏன் முடியாது என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவனுக்கு இறையியல் கல்லூரியில் மொழிபெயர்க்க யார் இருக்கிறார்கள்? அதற்கு நான் மட்டும் பதில் சொன்னால் போதாது.

ஒரு மாற்றம் நடந்தது. என் தங்கையின் கணவர் ஒரு ஞாயிறு முன்னால் வந்து நின்று நிருப வாசகத்தைச் சைகையில் வாசித்தார். கேட்கிறவர்களுக்காக ஒருவர் மைக்கில் தமிழில் வாசித்தார். ஆனால் வேகத்தை நிர்ணயித்தவர் அவர்தான். அவர் கை நின்ற இடத்தில் குரல் நின்றது. முதன்முறையாகச் சபை முழுவதும் அவருக்காகக் காத்திருந்தது. இப்போது அது மாதம் ஒருமுறை நடக்கிறது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் தங்கை ஒரு வேதபாடம் நடத்தினாள். ரூத்தின் கதை. ரூத்தின் மாமியார் நகோமி கசப்பாக இருக்கிற இடத்தை அவள் முகத்தில் கொண்டுவந்தபோது, எனக்குக் குரல் கொடுக்கவே தோன்றவில்லை, எல்லாருக்கும் புரிந்திருந்தது.

உங்கள் சபையில் தொடங்க நினைத்தால் முதலில் அவர்களையே கேளுங்கள். சிலருக்குச் சைகை தெரியாது, வீட்டுச் சைகை மட்டும் தெரியும். சிலர் வயதான பிறகு காது மந்தமானவர்கள். அவர்களுக்குச் சைகை உதவாது, தெளிவான மைக்கும் பெரிய எழுத்தும் வேண்டும். இன்னும் சிலர் உதட்டைப் படிப்பார்கள், அவர்களுக்கு முன்னால் வாயை மைக்கால் மறைக்காமல் பேச வேண்டும். எல்லாருக்கும் ஒரே ஏற்பாடு என்று நாமாக முடிவு செய்தால் பணமும் வீண், மனமும் நோகும். மொழிபெயர்ப்பவருக்குப் பணம் கொடுங்கள். ஆர்கன் வாசிப்பவருக்குக் கொடுக்கிறோம், சவுண்ட் சிஸ்டத்துக்குக் கொடுக்கிறோம். இதை மட்டும் ஊழியம் என்று சொல்லி இலவசமாக எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இந்தியச் சைகை மொழிபெயர்ப்புக்கு இரண்டாண்டு டிப்ளமோ படிப்பு இருக்கிறது. எங்கள் வாலிபர் சங்கத்தில் ஒரு பெண் படிக்கத் தயாராக இருக்கிறாள். அவளுக்குக் கட்டணமும் விடுதிச் செலவும் சபை கொடுக்க வேண்டும் என்று காது கேளாதவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். எழுதியது என் தங்கை. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அதை அவளே எடுத்து வைக்கப் போகிறாள். கமிட்டித் தேர்தலுக்கும் மனு கொடுத்திருக்கிறாள்.